நான் அந்த இந்தியன் இல்லை

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் பொங்கல். தை பிறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் பொங்கல் வார நாளில் வந்தால் வேலைக்குப் போய்விட்டு வந்து படுத்துவிடுவோம். ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை பார்த்து ஆறேழு குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடும். பானை பொங்குவது சமையலறை அடுப்பில். சூரியனுக்கு நாலு நாளாக மேகம் விடுமுறை கொடுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு விளக்கைப் பார்த்துக் கும்பிட்டோம் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அந்தச் சமயத்தில்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹான்காக்கில் ஹெய்கின்பைவா நடக்கும். இங்கே குடியேறிய ஃபின்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் 1999ல் தொடங்கிய விழா. குகைக்குள் தூங்கும் கரடி அன்றைக்குப் புரண்டு படுக்குமாம். குளிர்காலம் பாதி முடிந்தது என்று அர்த்தமாம். கரடி வேஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள். மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம் வைப்பார்கள். உறைந்த கால்வாயில் துளை போட்டு அதற்குள் குதிப்பவர்களும் உண்டு. தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிற நமக்கும், கரடி புரண்டால் குளிர் குறையும் என்கிற அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் கரடி ஊர்வலம், மதியம் சர்க்கரைப் பொங்கல் என்று பல வருஷமாக நடந்துவருகிறது.

இந்த வருஷமும் எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு பேச்சைத் தவிர.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பேச ஆரம்பித்தார். நல்ல பிள்ளை. எனக்கு முதுகுவலி வந்த வருஷம் முழுக்க என் வீட்டு வாசல் பனியை அவர்தான் அள்ளிப் போட்டார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரிச் செலவைப் பற்றிய கவலை. "அங்கிள், பாரகாவுல இருக்கறவங்களுக்கு மட்டும் காலேஜ் ஃபீஸ் கிடையாதாம். நாம வரி கட்டறோம், அவங்க சும்மா படிக்கிறாங்க. இது என்ன நியாயம்?" என்றார். பாரகா எங்கள் ஊரிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். ஓஜிப்வே பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் அங்கேதான். பிறகு அவரே தொடர்ந்தார்: "இந்த ஊர்ல இனப் பிரச்சினையே கிடையாது. நீங்க அம்பது வருஷமா இருக்கீங்க, உங்களை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா? நாம படிச்சோம், உழைச்சோம், முன்னுக்கு வந்தோம். அரசியல்வாதிங்கதான் இனம் இனம்னு கிளப்பிவிடறாங்க."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி, பண்டிகை நாள், கையில் தட்டு. என் மனைவி அவருக்கு இன்னொரு கரண்டி பொங்கல் போட்டாள். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அன்று சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். தம்பி இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். நான் 1973ல் மேல்படிப்புக்காக ஹாட்டனுக்கு வந்தேன். மிச்சிகன் மாநிலத்தின் வடக்கு ஓரம், சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா தீபகற்பம். 1978-79 குளிர்காலத்தில் பக்கத்துக் கீவினா கவுன்டியில் 390.4 அங்குலம் பனி பெய்தது. அடியில் சொன்னால் முப்பத்திரண்டரை. இன்றைக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய அளவுகோல் ஒன்று நட்டு அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் நான் முதல் மாடி ஜன்னல் வழியாகத் தெருவுக்கு இறங்கியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஊரில் வருஷம் என்பது காலண்டரில் ஓடாது. மார்ச் கடைசியில் மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்கிக் காய்ச்சுவார்கள். நாற்பது படி சாறு காய்ச்சினால் ஒரு படி பாகு. நம் ஊர்ப் பதநீர் காய்ச்சுகிற வாசனை கொஞ்சம் வரும். ஏப்ரலில் ஓடைகளில் ஸ்மெல்ட் என்கிற சின்ன மீன் ஏறும். ராத்திரி வலையும் வாளியுமாகப் போவார்கள். ஆகஸ்டில் திம்பிள்பெர்ரி பறித்து ஜாம். நவம்பர் 15 மான் வேட்டை தொடக்கம். எந்தக் கிழமையானாலும் அதே தேதி. பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஊரே ஆரஞ்சு நிற உடுப்பில் காட்டுக்குள் போய்விடும். அலுவலக நண்பர்கள் என்னையும் ஒருமுறை அழைத்துப் போனார்கள். நான் கொண்டுபோன தயிர்சாதம் கல்லாகிவிட்டது. அவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு தங்கள் பாஸ்டியில் இறைச்சி இல்லாத ஒன்றைத் தேடிக் கொடுத்தார்கள். பாஸ்டி என்பது பெரிய சோமாசி மாதிரி. உள்ளே உருளைக்கிழங்கு, வெங்காயம், இறைச்சி. அன்று எனக்காக ஒருவர் வீட்டில் சொல்லி வெறும் கிழங்கு வைத்துச் செய்து வந்திருந்தார். அந்த அன்பை நான் மறக்கவில்லை. இதற்குப் பின்னால் நான் சொல்லப்போவதைப் படிக்கும்போது அதையும் மனதில் வையுங்கள்.

இந்தப் பழக்கங்களை எல்லாம் இங்கே "நம்ம வழக்கம்" என்பார்கள். எல்லாம் யார் வழக்கம் என்று பாருங்கள். மேப்பிள் சர்க்கரை ஓஜிப்வே மக்கள் கற்றுக்கொடுத்தது. பாஸ்டி இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகள் கொண்டுவந்தது. சனிக்கிழமை சௌனா ஃபின்லாந்திலிருந்து வந்தது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ வேற்று ஆளுடையது. ஊரின் நாக்கு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. கொண்டுவந்த மனிதர்களை ஏற்பதற்குத்தான் நேரம் எடுத்தது.

ஃபின்லாந்துக்காரர்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இந்த ஊரின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான் என்று தோன்றும். கடிதப்பெட்டிகளில் பாதி அவர்கள் பெயர். ஆனால் 1908ல், இதே ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் டுலூத் நகரத்தில், ஜான் ஸ்வான் என்ற ஃபின்லாந்துக்காரருக்கும் இன்னும் சிலருக்கும் குடியுரிமை கொடுக்கக் கூடாது என்று அரசாங்க வக்கீல் வாதாடினார். காரணம், ஃபின்கள் வெள்ளையர் இல்லையாம், மங்கோலியராம். 1790ம் வருஷச் சட்டப்படி வந்தேறிகளில் வெள்ளையர்தான் குடியுரிமை பெறலாம், 1870ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள், மற்றவர்களுக்கு இடமில்லை. நீதிபதி கான்ட் ஃபின்கள் பக்கம் தீர்ப்பளித்தார். பழங்காலத்தில் எப்படி இருந்திருந்தாலும் இப்போது அவர்கள் வெள்ளையர்தான் என்றார். ஒரே காலைப் பொழுதில் ஒரு சமூகம் நிறம் மாறியது.

சட்டத்தில் மாறினாலும் சுரங்கத்தில் மாறவில்லை. 1913 ஜூலையில் இங்கே செப்புச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னணியில் நிறைய ஃபின்கள். அந்த வருஷம் டிசம்பர் 24 அன்று, எங்களுக்கு வடக்கே இருக்கும் கலுமெட்டில், இத்தாலியன் ஹால் என்ற மாடி மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் விழா வைத்திருந்தார்கள். யாரோ "தீ" என்று கத்தினார்கள். தீயே இல்லை. படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து 73 பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள், பெரும்பாலும் ஃபின்கள். கட்டடத்தை 1984ல் இடித்துவிட்டார்கள். அதன் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. நான் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருமுறை அங்கே போய் நிற்பேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

டுலூத்துக்கு வருவோம். ஃபின் வெள்ளையன் என்று தீர்ப்பு வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1920 ஜூன் 15 அன்று, அதே ஊரில் எலையஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மக்கீ என்ற மூன்று கறுப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்து வந்து விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டார்கள். சர்க்கஸில் கூலி வேலை பார்த்தவர்கள். பாலியல் குற்றம் செய்தார்கள் என்று ஒரு பொய்யான புகார். ஆயிரக்கணக்கானவர்கள் கூடி நின்றார்கள். அந்த இடத்தில் ஊர் ஒரு நினைவுச்சின்னம் வைக்க 2003 ஆனது. இது அலபாமா இல்லை, மிசிசிப்பி இல்லை. வடக்கு, எங்கள் வடக்கு. "இங்கே இனப் பிரச்சினை கிடையாது" என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இங்கே கறுப்பர்கள் ஏன் இத்தனை குறைவு என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறார்களா? ஆளே இல்லாத இடத்தில் சண்டை இருக்காதுதான். அதற்கு ஒற்றுமை என்றா பெயர்?

இனி நம் கதை. 1923ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். தான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்பது அவர் வாதம். கவனியுங்கள், "நிறம் பார்ப்பது தப்பு" என்று அவர் கேட்கவில்லை. "என்னை மேல்பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார். நீதிமன்றம் சேர்க்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். அவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பகாய், சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை நடத்தியவர், 1928ல் தற்கொலை செய்துகொண்டார். 1946ல் மனமிரங்கி இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று ஒதுக்கினார்கள்.

அந்தக் கதவை அகலத் திறந்தது எது? 1965 அக்டோபரில் கையெழுத்தான குடியேற்றச் சட்டம். அதற்கு முந்தின வருஷம் குடியுரிமைகள் சட்டம், இரண்டு மாதம் முன்பு வாக்குரிமைச் சட்டம். தெற்கே கறுப்பின மக்கள் நாயைக் கடிக்கவிட்டும் தண்ணீரைப் பீய்ச்சியும் அடிக்கப்பட்டு வாங்கிய அந்த இரண்டு சட்டங்கள் இல்லாவிட்டால் மூன்றாவது வந்திருக்காது. பிறந்த நாட்டை வைத்து ஆளை எடைபோடுவது அசிங்கம் என்று இந்த நாட்டை வெட்கப்பட வைத்தவர்கள் அவர்கள். அந்த வெட்கத்தில் கொஞ்சம் நமக்கும் கிடைத்தது பச்சை அட்டையாக.

தம்பி, நாம் படித்தோம், உழைத்தோம், உண்மைதான். ஆனால் உங்கள் தாத்தாவும் என் தாத்தாவும் படிக்காமலா இருந்தார்கள், உழைக்காமலா இருந்தார்கள்? 1930ல் அவர்கள் எத்தனை கெட்டிக்காரர்களாக இருந்திருந்தாலும் இந்த ஊர்த் தெருவில் வீடு வாங்கிக் குடியுரிமையோடு வாழ்ந்திருக்க முடியாது. கெட்டிக்காரத்தனம் நம்முடையது. வாசலைத் திறந்தது வேறு ஆட்கள்.

இப்போது கல்லூரிக் கட்டணத்துக்கு வருகிறேன். "அவங்களுக்கு மட்டும் சும்மா" என்று சொன்னீர்களே, அது சும்மா இல்லை.

மிச்சிகனில் மவுன்ட் பிளஸன்ட் என்ற ஊரில் 1893 முதல் 1934 வரை மத்திய அரசு ஒரு விடுதிப் பள்ளி நடத்தியது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழியில் பேசினால் தண்டித்து வளர்த்த பள்ளிகளில் ஒன்று. அதை மூடும்போது நிலத்தையும் கட்டடங்களையும் மாநில அரசுக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மாநிலத்தின் நிறுவனங்கள் இந்தியர்களை மற்றவர்களுக்குச் சமமாக ஏற்க வேண்டும், அதற்காக மத்திய அரசிடம் பணம் கேட்கக் கூடாது. மாநில ஆளுநர் காம்ஸ்டாக் ஒப்புக்கொண்டார். நிலத்தை வாங்கிக்கொண்ட மாநிலம் வாக்கை மறந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து 1976ல்தான் பூர்வகுடி மாணவருக்கு அரசுக் கல்லூரிகளில் கட்டண விலக்கு என்று சட்டம் வந்தது. அதிலும் கால் பங்கு ரத்தமாவது பூர்வகுடி ரத்தம் என்று நிரூபிக்க வேண்டும்.

இதைத் தர்மம் என்பீர்களா? நம் ஊரில் இதற்குப் பெயர் குத்தகை பாக்கி.

அந்தப் பள்ளி நிலம் இருக்கட்டும், நம் வீடு நிற்கிற நிலம்? 1842ல் லா பாயின்ட் என்ற இடத்தில் ஓஜிப்வே தலைவர்கள் ஒப்பந்தம் போட்டு இந்தத் தீபகற்பத்தைக் கொடுத்தார்கள். கொடுத்த நிலத்தில் வேட்டையாடும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். நிலம் கைக்கு வந்ததும் செப்புச் சுரங்கங்கள் வந்தன, ஊர் வந்தது, நான் படித்த கல்லூரி வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் மட்டும் நினைவில் இருந்தது. 1965ல் லான்ஸ் பக்கத்தைச் சேர்ந்த வில்லியம் ஜான்ட்ரோ என்ற மனிதர், தன் முன்னோர் மீன் பிடித்த கீவினா விரிகுடாவில் மீன் பிடித்ததற்காகக் கைதானார். ஒப்பந்தப்படி அவருக்கு உரிமை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1971ல் சொன்னது. நூறு வருஷத்துக்கு மேல் பழைய காகிதத்தில் இருந்த தன் உரிமையைச் சொல்ல ஒருவர் ஆறு வருஷம் வழக்காட வேண்டியிருந்தது.

இங்கே நான் வெட்கப்படுகிற விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

1983ல் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் இதேபோல ஒரு தீர்ப்பு வந்தது. ஓஜிப்வே மக்கள் வசந்த காலத்தில் ராத்திரி விளக்கு வைத்து ஈட்டியால் வாலை மீன் குத்துவது அவர்கள் மரபு. அதற்கு உரிமை உண்டு என்றது. அவர்கள் பிடித்தது பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் பிடிப்பதில் ஒரு சின்னப் பங்குதான். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் ஒவ்வொரு ஏப்ரலிலும் படகுத் துறைகளில் கூட்டம் கூடி அவர்கள் மேல் கல் எறிந்தது, வசை பாடியது. "மீனைக் காப்பாற்று, இந்தியனைக் குத்து" என்று அட்டை பிடித்தார்கள்.

1989 வசந்தம். நான் வேலை பார்த்த பொறியியல் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். அந்த அட்டை வாசகத்தை ஒருவர் சத்தமாகச் சொன்னார். எனக்குக் கிழங்குப் பாஸ்டி கொண்டுவந்து கொடுத்த அதே மனிதர். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லலை. நீ வேற இந்தியன்" என்று தோளில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

மேஜையின் அந்த முனையில் வரைபடக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாரகாக்காரர், ஓஜிப்வே. பேச்சே அதிகம் கிடையாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் வீட்டில் காய்ச்சிய மேப்பிள் சர்க்கரையை ஒரு காபி டப்பாவில் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். என் மனைவி அதைப் பாயசத்தில் போடுவாள். வெல்லத்துக்கு அடுத்தபடி இதுதான் என்பாள். அன்று அவர் தன் சாப்பாட்டு டப்பாவை மூடினார், எழுந்து போனார். என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அந்த ஏப்ரலில் சர்க்கரை வரவில்லை. அதற்குப் பிறகு எந்த ஏப்ரலிலும் வரவில்லை. குட் மார்னிங் சொன்னால் பதில் சொல்வார். அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

"உங்களை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா அங்கிள்?" என்று கேட்டீர்களே. இல்லை தம்பி, சொல்லவில்லை. அவரைத்தான் சொன்னார்கள். நான் அந்த இந்தியன் இல்லை என்பதால் தப்பித்தேன். அந்தத் தோள்தட்டல் எனக்கு இனித்தது. இந்த ஊரில் நான் சேர்க்கப்பட்டுவிட்டேன் என்ற சந்தோஷம். சேர்க்கும் கட்டணம் ஒரு சிரிப்புதான், அதை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டேன். திண்ட் நீதிமன்றத்தில் கேட்டது எனக்குச் சாப்பாட்டு மேஜையில் கிடைத்தது.

நியாயமான ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஏழை வெள்ளைக்காரர்கள் இல்லையா? இருக்கிறார்கள், நிறைய. சுரங்கங்கள் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. 1896ல் ஃபின்கள் ஆரம்பித்த கல்லூரி 2023ல் மூடப்பட்டது. பிள்ளைகள் படித்ததும் தெற்கே போய்விடுகிறார்கள். மரம் வெட்டுகிறவரின் மகனுக்குக் கட்டண விலக்கு இல்லை. அவருடைய மனக்குறையை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். பெரிய நகரத்தில் உட்கார்ந்துகொண்டு இவர்களை எல்லாம் இனவெறியர்கள் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. என் வண்டி பனிப்பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் கயிறு கட்டி இழுத்தவர்கள் இவர்கள்தான்.

ஆனால் அந்த மரவெட்டியிடமிருந்து பறித்தது யார்? இங்கே எடுத்த செம்பின் லாபம் பாஸ்டனில் இருந்த பங்குதாரர்களுக்குப் போனது. போனவர்கள் போய்விட்டார்கள். கையில் அகப்படுகிறவர் பாரகாக்காரர், ஆகவே கோபம் அங்கே திரும்புகிறது. மரவெட்டியின் மகனுக்கும் கட்டணம் வேண்டாம் என்று கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கையெழுத்துப் போடுகிறேன். பாரகாப் பெண்ணிடமிருந்து அதைப் பிடுங்கினால் அவனுக்கு ஒரு டாலர்கூட வராது. இந்த மாநிலத்தில் 2006லேயே ஓட்டுப் போட்டு, அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்த்து முன்னுரிமை தருவதைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் மரவெட்டி மகனின் கட்டணம் குறைந்ததா? உங்கள் மகளின் கட்டணம் குறைந்ததா?

"பழைய கதை அங்கிள், இப்ப எதுக்கு?" என்பீர்கள். நாம் இதே ஊரில் பழைய கதைகளைத்தானே கொண்டாடுகிறோம்? கரடி புரண்டது பழைய கதை. பொங்கல் பழைய கதை. இனிப்பான பழசு மட்டும் வேண்டும், கசப்பான பழசு வேண்டாம் என்றால் எப்படி?

இத்தாலியன் ஹால் வளைவுக்கு ஏன் போகிறேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா.

நான் பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரன். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். எல்லோரும் தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்போது நான் கல்லூரி மாணவன். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்து அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அதெல்லாம் அந்தப் பக்கம்டா. நம்ம தெருவுல சாதிச் சண்டைன்னு ஒண்ணு நீ பாத்திருக்கியா?" என்றார்.

பார்த்ததில்லை. எங்கள் தெருவில் சண்டை வர வழியே இல்லை. எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் அந்தத் தெருவுக்குள் வரமாட்டார்கள். கொல்லைப்புறம் வழியாக வந்து நிற்பார்கள். அம்மா உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள், கையேந்திக் குடிப்பார்கள். அப்பா பொய் சொல்லவில்லை. யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த தெரு அமைதியாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் குரலைக் கேட்டேன். எட்டாயிரம் மைல் தாண்டி, முப்பது டிகிரி குளிரில், சர்க்கரைப் பொங்கல் தட்டோடு. "இங்க அந்தப் பிரச்சினையே கிடையாது." திண்ணையில் அப்பாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. 1989ல் சிரித்தேன். போன சனிக்கிழமை கிரிக்கெட் பேசினேன். மூன்று முறை ஆகிவிட்டது. எனக்கு எழுபத்தைந்து தாண்டியாகிவிட்டது, நாலாவது முறைக்குக் காத்திருக்க முடியாது.

தம்பி, உங்கள் மகளின் கட்டணத்துக்கு என்னால் ஆனதைச் செய்வேன், அது வேறு. ஜூலையில் பாரகாவில் பவ்வாவ் திருவிழா நடக்கும். யார் வேண்டுமானாலும் போகலாம். ஆட்டமும் முரசும் பார்க்கலாம். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் வண்டி ஓட்டுகிறேன். போகிற வழியில் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளலாம். மேப்பிள் சர்க்கரை விற்பார்கள். இந்த முறை நான் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.